ஒரு பாட்டு, இரண்டு ராகம், மூன்று வருஷம்

திருவிருந்து நேரம். கோயிலில் எல்லோரும் எழுந்து பீடத்துக்குப் போய்விட்டார்கள். நானும் கிறிஸ்துதாஸும் மட்டும் உட்கார்ந்திருந்தோம்.

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் தேவாலயத்தைக் கோயில் என்றும் போதகரை ஐயர் என்றும் சொல்வோம். படிக்கிறவர்கள் குழம்ப வேண்டாம்.

இடப்பக்கம் கீபோர்டுக்குப் பின்னால் நான். வலப்பக்கம் பாடகர் வரிசையின் கடைசியில் அவர். எங்கள் இருவருக்கும் நடுவே காலி பெஞ்சுகள். வரிசை வரிசையாகப் போய் பீடத்தின் முன் முழங்கால் போட்டு, அப்பமும் திராட்சரசமும் வாங்கிக்கொண்டு எல்லோரும் திரும்பும் வரை, நான் எதிர்ச்சுவரில் இருந்த சுவிட்சுகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மொத்தம் எட்டு. அவற்றில் இரண்டு வேலை செய்யாது. எந்த இரண்டு என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும்.

இப்படி ஒரு மாதம் இரண்டு மாதம் இல்லை, மூன்று வருஷம். மாதத்தின் முதல் ஞாயிறு வந்தால் டெல்லித் தமிழ்ச் சபையில் எல்லோரும் எழுந்திருப்பார்கள், நாங்கள் இரண்டு பேர் மட்டும் எழுந்திருக்க மாட்டோம்.

காரணம் எளிமையானது. திருவிருந்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை சாயங்காலம், எங்கள் சபையில் ஆயத்த ஆராதனை என்று ஒன்று உண்டு. யாரோடாவது மனஸ்தாபம் இருந்தால் இன்றைக்கே போய்ப் பேசி முடித்துவிட்டு நாளைக்குப் பீடத்துக்கு வாருங்கள் என்று ஐயர் அதில் நினைவுபடுத்துவார். பேசி முடிக்க எனக்கு மனம் இல்லை. பேசாமல் போய் முழங்கால் போடவும் மனம் ஒப்பவில்லை. அந்த அளவுக்கு நான் யோக்கியன் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு.

உண்மையைச் சொன்னால், அவர் எழுந்து போகிறாரா என்று நான் ஓரக்கண்ணால் பார்ப்பேன். நான் போகிறேனா என்று அவரும் பார்ப்பார். யார் முதலில் போகிறார்களோ அவர்கள் தோற்றார்கள் என்று கணக்கு. ஆண்டவருடைய பந்தியில் யார் அதிக நாள் சாப்பிடாமல் இருப்பது என்று போட்டி போட்ட இரண்டு கிழட்டு முட்டாள்கள் நாங்கள்தான்.

பாளையங்கோட்டையும் நாகர்கோவிலும்

இந்தத் தொடரில் கிறிஸ்துதாஸின் பெயர் முன்பு ஓரிரு இடங்களில் வந்திருக்கிறது. அவரைப் பற்றி ஏன் முழுதாக எழுதவில்லை என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். எழுதினால் என் வண்டவாளமும் சேர்ந்து வெளியே வரும் என்பதுதான் காரணம். வரட்டும்.

நான் டைப்பிஸ்டாக டெல்லிக்கு வந்து சேர்ந்த புதிதில் எனக்குக் கிடைத்த முதல் சிநேகிதர் தாஸ். அவர் நாகர்கோவில் பக்கம், நான் பாளையங்கோட்டை. அவர் வேறொரு அலுவலகத்தில் வரைபடப் பிரிவு. இந்திச் சபையின் கோயிலை நாங்கள் ஞாயிறு காலையில் இரண்டு மணி நேரம் கடன் வாங்கிக்கொண்டோம். நாங்கள் முடித்ததும் அவர்கள் உள்ளே வருவார்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் பாட்டு நடத்துவது தாஸ், வாசிப்பது நான்.

அவருக்கு நல்ல குரல். மைக் தேவையில்லை. எனக்கு அப்படி ஒன்றும் ஞானம் கிடையாது. ஊரில் ஹார்மோனியம் பழகிய விரல் மட்டும் இருந்தது.

நான் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸ், அவர் லக்ஷ்மிபாய் நகர். நடந்தே போய்விடலாம். ஞாயிறு மத்தியானம் அவர் வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் இருக்கும். ரெத்னபாய் அக்கா பரிமாறுகிற விதத்தில் இரண்டு ஆள் சாப்பாட்டை ஒரு ஆள் சாப்பிட வேண்டியிருக்கும். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. என் மகள் ப்ரிசில்லா பிறந்தபோது ஞானஸ்நானத்தில் அவளைக் கையில் ஏந்தி நின்ற ஞானத்தகப்பன் தாஸ்தான். அவள் முதலில் நடந்தது அவர் வீட்டு வராந்தாவில். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

அவருக்குத் தைராய்டு கட்டி வந்து கழுத்தில் ஆபரேஷன் செய்தபோது ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். மூன்றாம் வாரமே வந்து பாட்டு நடத்தினார். "தொண்ட எப்பிடி இருக்கு?" என்று கேட்டேன். "ஒரு குறையும் இல்ல ஓய்" என்றார். நானும் நம்பிவிட்டேன்.

இரண்டு ராகம்

அந்த வருஷக் கிறிஸ்துமஸ் ஆராதனை. ஸ்வெட்டருக்குள் பட்டுப்புடவை மறைந்துபோகிற குளிர். கோயில் நிறைய ஆட்கள். எல்லோருக்கும் தெரிந்த பழைய கீர்த்தனை ஒன்று. அதை எங்கள் ஊரில் ஒரு ராகத்தில் பாடுவோம், நாகர்கோவிலில் வேறு ராகத்தில் பாடுவார்கள். எங்கள் ராகம் மூன்றாவது அடியில் உச்சிக்கு ஏறும். அவர்களுடையது கீழேயே ஆடி அசைந்து போகும். டெல்லியில் நாங்கள் எப்போதும் பாடியது பாளையங்கோட்டை ராகம்தான்.

நான் முன்னிசை வாசித்து முடித்தேன். தாஸ் வாயைத் திறந்தார். நாகர்கோவில் ராகம்!

எனக்கு முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கண் ஜாடைகூட இல்லை. நான் என் ராகத்திலேயே வாசித்தேன். அவர் அவருடைய ராகத்திலேயே பாடினார். நான் நிறுத்துவேன் என்று அவர் நினைத்தார், அவர் நிறுத்துவார் என்று நான் நினைத்தேன். நான் ஒலியைக் கூட்டினேன். அவர் மைக்கைக் கையில் எடுத்தார்.

சபை இரண்டாகப் பிரிந்துவிட்டது. திருநெல்வேலிக்காரர்கள் என் பின்னால், நாகர்கோவில்காரர்கள் அவர் பின்னால். மதுரை, வேலூர்க் குடும்பங்கள் நமக்கேன் வம்பு என்று வாயை மூடிக்கொண்டார்கள். டெல்லியில் பிறந்த பிள்ளைகள் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார்கள். ஐயர் கண்ணை மூடிவிட்டார். வெளியே காத்திருந்த இந்திச் சபைக்காரர்கள் கதவு வழியாக எட்டிப் பார்த்தார்கள். மூன்று சரணம் இப்படியே போயிற்று.

ஆராதனை முடிந்து முற்றத்தில் எல்லோரும் கேக்கும் டீயுமாக நின்றார்கள். நான் நேராகப் போனேன்.

"என்னவே, கோயிலா இல்ல ஓம்ம வீட்டு அடுப்பங்கரையா? ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலியா?"

"எனக்க இஷ்டத்துக்கு ஒரு பாட்டு பாடதுக்கு உம்மகிட்ட அனுமதி கேக்கணுமோ?"

அதற்கு நான் சொன்ன பதில்தான் மூன்று வருஷத்துக்கும் விதை. "தொண்ட இருக்கவன் பாடணும்வே. இல்லாதவன் வாய மூடிட்டு உக்காரணும்."

அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். "நீரு வாசிக்கது கீபோர்டும் இல்ல ஓய், டைப்ரைட்டரு" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். டைப்பிஸ்டாக இருந்து படிப்படியாக மேலே வந்தவன் நான். சுருக்கென்று தைத்தது.

மறுவாரமே பாட்டு நடத்துவதை அவர் விட்டுவிட்டார். பாடகர் வரிசையில் வந்து உட்காருவார், புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொள்வார், வாய் திறக்க மாட்டார். வீம்பு என்று நான் நினைத்தேன். இருக்கட்டும் பார்க்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்தேன்.

எங்களைச் சேர்த்துவைக்க மூன்று பேர் கொண்ட ஒரு சமரசக் கமிட்டி போட்டார்கள். யார் வீட்டில் வைத்துப் பேசுவது, முதலில் யாரைக் கூப்பிடுவது என்று அந்த மூன்று பேருக்குள் தகராறு வந்து, அவர்களைச் சமாதானம் செய்ய ஐயர் இரண்டு வாரம் அலைந்தார். அதற்குப் பிறகு யாரும் எங்கள் பக்கம் வரவில்லை.

ப்ரிசி கேட்டது

ப்ரிசிக்குப் பதினாறு வயது ஆயிற்று. திடப்படுத்தலுக்கு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். பேராயர் வந்து தலைமேல் கைவைத்து ஆசீர்வதிப்பார், பின்னால் ஞானப்பெற்றோர் நிற்க வேண்டும். அன்றைக்குத்தான் பிள்ளை முதன்முதலாகத் திருவிருந்து வாங்குவாள். அம்மாவும் அப்பாவும் இரண்டு பக்கமும் முழங்கால் போட்டு அவளோடு வாங்குவது எங்கள் சபை வழக்கம். ஒரு தகப்பன் வாழ்நாளில் ஒருமுறைதான் அந்த இடத்தில் இருக்க முடியும்.

திடப்படுத்தலுக்கு முந்தின வியாழக்கிழமை சாப்பிடும்போது கேட்டாள்.

"அப்பா, சண்டே நீங்க என்கூட ஆல்டருக்கு வருவீங்களா?"

"இதென்ன கேள்வி? வருவேன்."

"தாஸ் மாமாகூட பேசாமலா? அப்போ அது சீட்டிங் இல்லையா?"

கோபம் வந்துவிட்டது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். பெரியவர்கள் விஷயத்தில் மூக்கை நுழைக்காதே, உனக்கு ஒழுங்காகத் தமிழ் படிக்கத் தெரியுமா, அது இது என்று கத்தினேன். பதில் தெரியாதபோது சத்தம் போடுவது என் பழக்கம். அவள் அழவில்லை. "டீக் ஹே, சரி, அப்போ நான் தனியா போயிக்கறேன்" என்றாள். என் மனைவி எஸ்தர் என் தட்டை எடுத்துக் கொண்டுபோய்த் தேய்க்கப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை ஆபீஸிலிருந்து நேராக ஐயரிடம் போனேன். இளவயதுக்காரர், புதிதாக வந்தவர். இந்த ஒரு தடவை மட்டும், பிள்ளைக்காக, நான் பீடத்துக்கு வரலாமா என்று சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"நான் ஒங்களத் தடுக்கலையே அண்ணாச்சி. இந்த மூணு வருஷமா ஒங்கள யாரு தடுத்தா?"

"யாரும் இல்ல."

"அப்ப எங்கிட்ட வந்து அனுமதி கேட்டா எப்படி? கேக்க வேண்டிய ஆளு லக்ஷ்மிபாய் நகர்ல இருக்காரு."

அன்றைக்கு ராத்திரி தூங்கினேன் என்று சொன்னால் பொய்.

மட்டர்

சனிக்கிழமை மத்தியானம் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். செருப்பைத் தேடும்போது ப்ரிசி அவளுடைய செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றாள். "ஞானத்தகப்பனை நான்தானே கூப்பிடணும்?" என்றாள். சரி வா என்றேன். உள்ளூர எனக்குத் துணைக்கு ஆள் வேண்டியிருந்தது.

குளிர் விட்டுப்போகிற மாதம். புல்வெளிகளில் வெயிலுக்கு ஆட்கள் பாய் விரித்து உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள். வழி நெடுக நான் பேச வேண்டியதை மனப்பாடம் செய்தேன். முதலில் நலம் விசாரிப்பது, பிறகு பிள்ளையின் விஷயம், கடைசியில் பொதுவாக ஒரு வருத்தம் தெரிவிப்பது. கோப்பில் குறிப்பு எழுதிப் பழகிய மூளை.

கதவைத் திறந்தது ரெத்னபாய் அக்கா. "எனக்க ஏசுவே!" என்று நெஞ்சில் கை வைத்தார். பிறகு ப்ரிசியைக் கட்டிக்கொண்டு உள்ளே பார்த்துச் சத்தம் போட்டார். "இஞ்ச பாரும்! ஆரு வந்திருக்கான்னு பாரும்!"

தாஸ் பால்கனி வெயிலில், குரங்குக் குல்லாயோடு, மடியில் முறத்தை வைத்து மட்டர் உரித்துக்கொண்டிருந்தார். டெல்லிக் குளிரில் பச்சைப் பட்டாணி உரிக்காத குடும்பம் கிடையாது. என்னைப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை, போகச் சொல்லவும் இல்லை. காலால் ஒரு பிரம்பு மோடாவை என் பக்கம் தள்ளினார்.

உட்கார்ந்தேன். மனப்பாடம் செய்தது அத்தனையும் மறந்துபோயிற்று. வேறு வழி தெரியாமல் நானும் ஒரு கை காயை அள்ளி உரிக்க ஆரம்பித்தேன். முறத்தில் பட்டாணி விழும் சத்தம் மட்டும் கேட்டது.

"பிஞ்செல்லாம் தனியா போடும் ஓய்" என்றார் கடைசியில்.

மூன்று வருஷத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். அதற்கு நான் நல்ல பதிலாகச் சொல்லியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? "இதுலயும் ஓம்ம இஷ்டம்தானா?" என்றேன்.

அவ்வளவுதான், முற்றத்தில் விட்ட இடத்திலிருந்து சண்டை தொடங்கிவிட்டது. ராகத்தை ஏன் மாற்றினீர் என்று நான். கேட்டுவிட்டு வாசித்தால் என்ன குறைந்துபோகும் என்று அவர். பிடிவாதம் என்று நான். அகம்பாவம் என்று அவர். "பாடுகவன் எங்க போறானோ அங்கல்லா வாசிக்கவன் போகணும்! ஒரு சரணம் எனக்க பின்னால வந்தா என்ன ஓய்?" என்று முறத்தைத் தட்டினார்.

"எனக்குத் தெரியாதுவே!" என்று கத்தினேன். "ஓம்ம ராகம் எனக்கு வாசிக்கத் தெரியாது! வீட்டுல ஒரு வாரம் பழகாம எனக்கு எதுவுமே வாசிக்க வராது. பேப்பர்ல எழுதிவச்சு, அதப் பாத்துத்தான் வாசிக்கேன். ஓம்ம பின்னால வரணும்னா எனக்கு எங்க வரணும்னு தெரியல!"

அந்த வார்த்தையை நான் என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. இத்தனை வருஷமும் சபையில் எனக்கு இருந்த பெயர் பெரிய வித்வான் என்பது.

தாஸ் உரிப்பதை நிறுத்திவிட்டார். குல்லாயைக் கழற்றினார். கழுத்தில் அந்த வெட்டுத் தழும்பு தெரிந்தது.

"எனக்கு மேல ஏற முடியாது ஓய்" என்றார். சத்தம் இறங்கியிருந்தது. "ஆப்பரேஷனுக்கு பெறகு அந்த மூணாவது அடி ஏறாது. காத்துதான் வரும். கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் முழுக்க வீட்டுல பாடிப் பாத்தேன், முடியல்ல. அதான் நம்ம ஊரு ராகத்தில கீழயே பாடிக்கிடலாம்னு. முன்னாலயே சொன்னா, ஏன்னு கேப்பீரு. தொண்ட போச்சுன்னு சொல்லணும். அத சொல்ல எனக்கு வாய் வரல்ல."

தொண்டை இருக்கிறவன் பாட வேண்டும் என்று நான்தானே சொன்னேன். அத்தனை பேர் முன்னால். ஆஸ்பத்திரியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான்.

"நான் தெரியாம சொல்லிட்டேன்வே" என்றேன். "தெரிஞ்சிருந்தா நாக்கப் பிடுங்கிப் போட்டிருப்பேன். என்ன மன்னிச்சிரும்." இன்னும் ஏதோ சொல்ல வந்தேன், அழுகை முந்திவிட்டது.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "டைப்ரைட்டருன்னு நான் சொன்னதும் தப்புதான்" என்றார். பிறகு, "ஆனா நீரு பேப்பர பாத்து அடிக்கேருன்னு அப்ப எனக்குத் தெரியாது பாத்துக்கிடும்" என்றார்.

அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். நான் அழுதபடியே சிரித்தேன். அவரும் சிரித்தார். முறம் கவிழ்ந்து பட்டாணி பால்கனி முழுக்க ஓடியது.

ப்ரிசி மட்டும் சிரிக்கவில்லை. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்பா, கீபோர்ட்ல ட்ரான்ஸ்போஸ் பட்டன் இருக்கே?"

"அது என்னது?"

"அத அமுக்கினா சுருதி கீழ போயிடும். நீங்க அதே பேப்பர பாத்து, அதே மாதிரி வாசிக்கலாம். தாஸ் மாமா ஏறவே வேணாம், கீழயே பாடலாம்." எங்களுக்குப் புரிந்ததா என்று பார்த்தாள். "ஒரு பட்டன். இதுக்கா தீன் சால், மூணு வருஷம்? அரே யார், நீங்க ரெண்டு பேரும் பாகலா, பைத்தியமா?"

ஆன், ஆஃப், ஒலி கூட்டுவது, குறைப்பது. இந்த நான்கைத் தவிர அந்தக் கீபோர்டில் எதையும் நான் தொட்டதில்லை. சிறு வயதில் அவள் ஏதோ ஒரு பட்டனை அமுக்கியதற்கு ஒருமுறை அடித்தும் இருக்கிறேன். அந்தப் பட்டனாகத்தான் இருந்திருக்கும் என்று ப்ரிசி இன்றைக்கும் சாதிக்கிறாள்.

தரையில் உட்கார்ந்து பட்டாணி பொறுக்கினோம். பொறுக்கி முடித்ததும் நாலு பேரும் சேர்ந்தே ஆயத்த ஆராதனைக்குப் போனோம். கோயில் வாசலில் எங்களை ஒன்றாகப் பார்த்த ஐயருக்குக் கையிலிருந்த புத்தகம் நழுவிவிட்டது.

ஞாயிறு

பேராயர் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது ப்ரிசி வெள்ளைப் புடவையில் முன்னால் போனாள். தாஸ் அவள் பின்னால் போய் நின்றார். கோயிலில் ஒரு சலசலப்பு ஓடி அடங்கியது. அவருடைய கோட்டின் பழைய நாப்தலீன் வாசனை என் பெஞ்சு வரை வந்தது.

திருவிருந்துக்குப் பெஞ்சு பெஞ்சாக எழுந்தார்கள். நானும் எழுந்தேன். எஸ்தர் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பீடத்தின் முன் ப்ரிசி நடுவில். இடப்பக்கம் அவள் அம்மா, வலப்பக்கம் நான். என்னை அடுத்து தாஸ், அவருக்கு அடுத்து அக்கா. அப்பம் என் உள்ளங்கையில் விழுந்தபோது எத்தனை நாள் பட்டினி கிடந்திருக்கிறேன் என்று தெரிந்தது. பக்கத்தில் என் மகள் தன் இரண்டு கையையும் ஏந்தியிருந்தாள். சின்னக் கைகள்தான் இன்னும்.

எங்கள் வரிசைக்குக் கொடுத்து முடித்ததும் ஐயர் கையை உயர்த்தினார். "எழுந்து சமாதானத்தோடே போங்கள்" என்றார்.

ப்ரிசி எழுந்தாள். எஸ்தரும் அக்காவும் எழுந்தார்கள். நான் எழவில்லை. முட்டி பிடித்துக்கொண்டுவிட்டது. பக்கத்தில் பார்த்தேன். தாஸும் அப்படியே இருந்தார்.

"ஓய், எழும்ப முடியல்ல" என்று என் காதில் சொன்னார்.

"எனக்கும்தான்வே."

"மூணு வருஷமா முட்டு போடல்லல்லா. போகச் சொல்லுகாரு, எழும்பினாத்தானே போக முடியும்?"

அடுத்த வரிசை எங்கள் பின்னால் காத்து நின்றது. ஐயர் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கப் பாடுபட்டார். தாஸ் என் தோளைப் பிடித்தார். நான் அவர் இடுப்பைப் பிடித்தேன். ஒன்று, இரண்டு என்று அவர் முணுமுணுக்க, மூன்றில் இரண்டு பேரும் ஒரு முனகலோடு எழுந்து நின்றோம்.

எங்களுக்கு முன்னால் ப்ரிசி நடந்துகொண்டிருந்தாள். முக்காட்டுக்குள் அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பதறி எட்டிப் பார்த்தேன். என் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.